யன்னலுக்குள்ளால் கேட்ட "நோ"

முப்பத்துநான்கு ஆண்டுகள் அரச சேவையாற்றி இன்று ஓய்வுபெறும் பிரசவ விடுதித் தாதிய சகோதரி திருமதி சிவலட்சுமி சீவரத்தினம் அவர்களுக்கு, விடுதியின் சிற்றூழியர்களும் வாசல் காவலாளிகளும் மனமுவந்து வாசித்தளிக்கும் பாராட்டு மடல்.

நறுவிலிக்குளத்து நெல்வயல் வரம்பில் நடை பழகி, மன்னார்த் தீவின் உப்புக் காற்றில் உழைத்து உரமேறிய உத்தமியே! கண்ணில் கருணையும் குரலில் கண்டிப்பும் கையில் கைராசியும் கொண்ட எங்கள் காவலே! பெற்றெடுத்த பிள்ளைகள் இரண்டு, பிறக்க வைத்த பிள்ளைகள் எத்தனை என்று எவர் கேட்டாலும் "எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை, போங்கோ" என்று ஏசி அனுப்பும் எங்கள் சிவலட்சுமி சிஸ்ரரே, வணக்கம்.

இப்படியே இன்னும் பத்து வரி அடுக்கலாம். அடுக்கினால் நீங்களே எழும்பி "காணும், நிப்பாட்டுங்கோ" என்பீர்கள். அதனால் நடந்ததைச் சொல்லுவோம்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு பெரியமடுப் பக்கத்தில் மின்சாரமும் இல்லாத, கட்டிலும் ஒன்றுக்கு மேல் இல்லாத ஒரு சிகிச்சை நிலையத்தில் உங்கள் சேவை தொடங்கியது. இடம்பெயர்ந்த சனத்தின் கொட்டிலுக்குள் தறப்பாளால் மறைத்துக் கட்டிப் பிள்ளை எடுத்தீர்கள். பாதையில் நின்றுபோன உழவு இயந்திரத்தின் பெட்டிக்குள் எடுத்தீர்கள். கடைசிப் பதினொரு ஆண்டுகள் எங்களோடு, இந்த ஆஸ்பத்திரி விடுதியில். இதற்குள் நீங்கள் எடுத்த லீவு நாட்களைக் கணக்குப் பிள்ளை தேடிப் பார்த்துவிட்டு, புத்தகம் மாறி எடுத்துவிட்டேனோ என்று திரும்பவும் அலுமாரியைத் திறந்தாராம்.

உங்கள் ஏச்சையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இது வேறு யாருக்கோ எழுதின மடலாகப் போய்விடும். துப்புரவு வேலைக்கு வந்த புதிதில் வேணுஜா கறுத்துப்போன தண்ணீரால் நிலம் துடைத்துக்கொண்டிருந்தா. நீங்கள் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"வேணுஜா, இந்தத் தண்ணியில நீர் முகம் கழுவுவீரோ?"

"மாட்டன் மிஸ்ஸி."

"அப்ப நிலம் மட்டும் உமக்கு என்ன குற்றம் செய்தது?"

வேணுஜா அன்றைக்குப் பின்பக்கம் போய் அழுதா. இன்றைக்கு உங்கள் கழுத்தில் கிடக்கிற மாலையை விடியவே வந்திருந்து கட்டினதும் அவதான். வேறு ஒருவரையும் தொட விடவில்லை.

இனி வருவது, இந்த மடலில் எதைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று நின்றோமோ அந்த விஷயம். மடலில் "நான்" என்ற சொல் வரக்கூடாது என்று எழுத்துவேலை தெரிந்தவர்கள் சொன்னபடியால், இதை எழுதுகிற வாசல் காவலாளி எமிலியானுசையும் பேர் சொல்லியே எழுதியிருக்கிறது.

எமிலியானுஸ் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். உடம்பு ஏலாமல் கடலை விட்ட பிறகு இந்த விடுதி வாசலில் கதிரை போட்டிருக்கிறவர். ஒருவரையும் லேசில் நம்பமாட்டார். அடையாள அட்டையைக் காட்டினால் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்ப்பார். ஒரு காலத்தில், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதின தாளொன்றில் கையெழுத்து வைத்துத் தன் வள்ளத்தைப் பறிகொடுத்தவர் அவர். அன்றிலிருந்து எந்தக் கந்தோரில் எந்தத் தாளை நீட்டினாலும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுவார்.

மூன்று வருடத்துக்கு முந்தி அவருடைய மகள் டிலோஜினிக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். மருமகன் ஜெனிஸ்ரன் கட்டாரில். அந்த வருடந்தான் எங்கள் விடுதிக்கு முதுகு ஊசி வந்தது. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, பிரசவ வேதனையைக் குறைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது. மயக்க மருந்து வைத்தியர் கோகுலன் கிழமையில் மூன்று நாள் வருவார், பின்னேரம் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார்.

கிளினிக்கில் நீங்கள் பிள்ளைத்தாய்ச்சிகளை வட்டமாக இருத்தி எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினீர்கள். நடக்கலாம், வெந்நீர் ஒத்தடம் பிடிக்கலாம், தொடையில் ஊசி போடலாம், முதுகில் போடலாம்.

"முதுகில போட்டால் வேதனை நல்லாக் குறையும். கால் கொஞ்ச நேரம் பாரமாய்க் கிடக்கும். சிலருக்குத் தலையிடி வரும், நடுக்கம் வரும். ஆயிரத்தில ஒருவருக்கு வேற கரைச்சலும் வரலாம். ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. வேணும் எண்டவவுக்கு மருந்து. வேண்டாம் எண்டவவுக்கு என்ர கை."

அது வாய்ப்பேச்சு இல்லை. மறிச்சுக்கட்டியிலிருந்து வந்த இர்ஷானா என்ற பிள்ளை ஊசி வேண்டாம் என்றா. வெளியே நின்ற மாமியார் போடச் சொல்லி மன்றாடினா. நீங்கள் மாமியாருக்கு ஒரு கதிரையும் தேத்தண்ணியும் கொடுத்து இருத்திவிட்டு, உள்ளே போய் ஐந்து மணித்தியாலம் இர்ஷானாவின் இடுப்பை உருவிவிட்டீர்கள். ஒரு தரம் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையை வேதனைக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிக் கேட்டு மனம் மாற்றுவது அநியாயம் என்பது உங்கள் சட்டம். இந்தச் சட்டத்தை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வரப்போகிற சங்கடம் அதாலேயே வந்தது.

எமிலியானுசுக்கு ஊசியென்றால் கண்ணில் காட்டக்கூடாது. அவருடைய மனைவி பிரான்சிஸ்காவுக்கு ஒப்பரேசன் நேரம் முதுகில் ஊசி போட்டது. அதற்குப் பிறகு அவவுக்கு இடுப்பில் நாரி உளைவு தீரவில்லை.

"முதுகில குத்தினா இடுப்புக்குக் கீழ விளங்காமல் போகும். கொம்மாவைப் பார்" என்றார் மகளிடம்.

"அம்மாவுக்கு அது மீன் பெட்டி தூக்கி வந்தது அப்பா."

"உனக்கு டொக்டரை விடத் தெரியுமோ?"

"டொக்டர் போடலாம் எண்டுறார். நீங்கள்தான் வேண்டாம் எண்டுறீங்கள். அப்ப ஆருக்கு ஆரை விடத் தெரியும்?"

எமிலியானுஸ் அடுத்த நாள் உங்களிடம் வந்து முறையிட்டார். நீங்கள் பதிவுப் புத்தகத்தில் இருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"பெறப்போறது ஆர் அண்ணை?"

"மகள்."

"அப்ப நீங்கள் வாசலைப் பாருங்கோ."

டிலோஜினி உங்களிடம் "அண்டைக்குச் சொல்லுறன் சிஸ்ரர்" என்றா. "அன்றைய தினம் கேட்கவும்" என்று நீங்கள் அவவின் தாளில் சிவப்பு மையால் எழுதி வைத்தீர்கள்.

அந்த நாளும் வந்தது. காலையில் வேதனை தொடங்கி டிலோஜினி உள்ளே. வாசல் கதிரையில் எமிலியானுஸ். வேறு வாசலுக்கு மாற்றிவிடுகிறோம் என்றதற்கு மாட்டேன் என்றார். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் பிரசவ அறையின் யன்னல். அதில் ஒரு கண்ணாடித் தகடு கழன்றுபோய், உள்ளே பேசுவதெல்லாம் வெளியே கேட்கும்.

பன்னிரண்டரைக்கு உங்களை அவசரமாகச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். இருந்த இரண்டு தாதிமாரும் அடுத்த கட்டிலில் பிறந்துகொண்டிருந்த பிள்ளையோடு. அந்த நேரம் பார்த்து, அனுராதபுரம் பக்கத்திலிருந்து வந்து இரண்டு கிழமையான இளம் சிங்கள டொக்டர் டிலோஜினியிடம் வந்தார். நல்ல பிள்ளை. புத்தகம் வைத்துத் தமிழ் படித்துக்கொண்டிருந்தவர். சிவப்பு மையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, முதுகு ஊசி, வேணுமா?"

டிலோஜினிக்கு அப்போது வேதனை உச்சத்தில்.

"நோ… டொக்டர், நோ… ஐயோ, நோ…"

எங்கள் பக்கத்தில் உடம்பில் வருகிற வேதனைக்கு நோ என்றுதான் சொல்லுவோம். வயிற்று நோ, பல்லு நோ, பிள்ளைப்பேற்று நோ. டொக்டரின் புத்தகத்தில் வலி என்ற சொல் மட்டுந்தான் இருந்திருக்கிறது. அவருக்குத் தெரிந்த நோ இங்கிலீசு நோ.

"நோ? நல்லா யோசிச்சு?"

"நோ, டொக்டர்… நோ…"

"ஹரி, ஹரி அம்மா. நோ."

சரி என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் பேனா மூடியை மூடுகிற சத்தமும் வெளியே கேட்டது.

எமிலியானுசுக்கு அந்த நொடியிலேயே விளங்கிவிட்டது. மகள் நோகுது என்கிறா, டொக்டர் வேண்டாம் என்று எழுதுகிறார். எழும்பி ஒரு சொல் சொன்னால் முடிந்தது. அவர் எழும்பவில்லை. மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். மாதா தன் மன்றாட்டைக் கேட்டு, மகளின் வாயாலேயே ஊசியைத் தள்ளிவிட்டா என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். தான் பொய் சொல்லவில்லை, ஒருவரையும் தடுக்கவில்லை, சும்மா இருக்கிறேன், அவ்வளவுதானே என்றும் சொல்லிக்கொண்டார்.

உள்ளே டிலோஜினி தான் ஊசி கேட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தா.

"ஊசி எப்ப வரும்?" என்று கேட்டா.

"வரும், வரும். மூச்சை விடுங்கோ" என்று அடுத்த கட்டிலடியிலிருந்து யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் சொல்லுகிற மறுமொழி அது.

எமிலியானுஸ் கதிரையை யன்னலடியிலிருந்து மற்றப் பக்கம் இழுத்துப் போட்டார். அங்கேயும் கேட்டது. வந்த ஒருவரின் அனுமதிச் சீட்டை இரண்டு தரம் பார்த்தார். சுடுதண்ணிப் போத்தல் கொண்டுவந்த ஒரு மனிதரைக் காரணமில்லாமல் ஏசினார். பிறகும் கேட்டது. "வருமோ அக்கா, வருமோ" என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தா. குரல் வரவர மெலிந்தது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி ஆக இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நீங்கள் சத்திரசிகிச்சைக் கூடத்திலிருந்து திரும்பி வந்து டிலோஜினியின் தாளைப் பார்த்தீர்கள். மறுத்துவிட்டார் என்று கிடந்தது, டொக்டரின் ஒப்பத்தோடு. உங்கள் சட்டப்படி நீங்கள் திருப்பிக் கேட்கவில்லை. வேதனையில் கண்ணை மூடிக் கிடந்த அவவின் தலையைத் தடவிவிட்டு, தகப்பனுக்குச் சொல்லுவோம் என்று வாசலுக்கு வந்தீர்கள்.

"உங்கட விருப்பப்படிதான் நடந்திருக்கு அண்ணை. பிள்ளை வேண்டாம் எண்டிட்டா. இனியாவது ஒரு தேத்தண்ணியைக் குடியுங்கோ."

எமிலியானுஸ் தலையாட்டிவிட்டு இருந்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். எந்தக் கந்தோரிலும் எவரும் அவரைக் கேட்டிருக்க முடியாது. தாளே அவர் பக்கம் நின்றது. ஆனால் நீங்கள் தேத்தண்ணி குடிக்கச் சொன்னதும் அவர் கதிரையை விட்டு எழும்பினார்.

"மிஸ்ஸி, அவ வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

"அப்ப?"

"நோ எண்டவ."

"அதைத்தானே நானும் சொல்லுறன். நோ எண்டவ."

"அந்த நோ இல்லை மிஸ்ஸி. எங்கட நோ."

நீங்கள் கேட்டீர்கள்:

"நீங்கள் இதை எப்ப கேட்டனீங்கள்?"

"இப்பதான்" என்றார் அவர்.

உங்கள் கையில் இருந்த தாளில் டொக்டர் எழுதின நேரம் பன்னிரண்டு ஐம்பது. வாசலுக்கு மேலே இருந்த கடிகாரத்தில் ஒன்று முப்பத்தைந்து. நீங்கள் தாளைப் பார்த்தீர்கள். கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லது. இப்பவாவது சொன்னீங்கள்" என்றுவிட்டு உள்ளே ஓடினீர்கள்.

உள்ளே போய் நீங்கள் அவசரப்படவில்லை. வேதனை ஒன்று வந்து போகும் மட்டும் காத்து நின்று, அடுத்தது தொடங்க முன்னம் இருக்கிற அந்த இடைவெளியில் டிலோஜினியின் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டீர்கள்.

"முதுகு ஊசி வேணுமோ, வேண்டாமோ? உங்கட வாயால சொல்லுங்கோ பிள்ளை."

"வேணும் சிஸ்ரர். எப்பவோ கேட்டனானே."

அதற்குள் டொக்டர் கோகுலன் அன்றைக்கு வெள்ளனவே, இரண்டு மணிக்கு முதலே, வாகனத்தில் ஏறிவிட்டார். கைத்தொலைபேசி எடுக்கவில்லை. நீங்கள் யன்னலால் ஒரு குரல் விட்டீர்கள்: "அண்ணை, கோகுலன் டொக்டரை மறியுங்கோ!"

அறுபத்துமூன்று வயது மனிதர் ஓடினார். பிரதான வாசலுக்கு வாகனம் வரவும் அவர் போய்ச் சேரவும் சரி. இரும்புப் படலையை இழுத்துச் சாத்தி அதற்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

டொக்டர் கண்ணாடியை இறக்கினார். "என்ன ஐயா, நான் ஆஸ்பத்திரிச் சாமான் ஏதும் கொண்டு போறன் எண்டு நினைச்சீங்களோ?"

"இல்லை டொக்டர். உங்களைப் போக விடேலாது."

"ஏன்?"

"என்ர மகளுக்கு முதுகில ஊசி போடவேணும்."

இந்த வசனம் தன் வாயிலிருந்து வந்ததை எமிலியானுஸ் இன்றைக்கும் நம்புவதாயில்லை. அவர்தான் ஒருவரையும் நம்பாதவர் ஆயிற்றே.

டொக்டர் வாகனத்தைத் திருப்பினார். இரண்டு மணிக்கு மருந்து ஏறியது. இரண்டரைக்கு யன்னலுக்குள்ளால் கேட்டது டிலோஜினி சிரிக்கிற சத்தம். அடுத்த கட்டில்காரியிடம் பிள்ளைக்கு என்ன பேர் என்று விசாரித்துக்கொண்டிருந்தா. கதிரையைத் திரும்பவும் யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு எமிலியானுஸ் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தார். நாலரைக்குப் பேத்தி பிறந்தா. நீங்கள் வெளியே கொண்டுவந்து காட்டினபோது அவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு உடனே கேட்டது, "தாய்க்குக் கால் ஆடுதோ?" நீங்கள் அவரை வாசலோடு நிற்பாட்டிவிட்டு, கட்டிலைச் சற்றுத் திருப்பிவிட்டீர்கள். மகள் தூரத்தில் படுத்தபடி பெருவிரலை மெல்ல ஆட்டிக் காட்டினா. மற்ற நாள் காலையில் தானே எழும்பிக் குளியலறைக்கு நடந்தா. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கடலில் காற்று மாறி, கரை தெரிந்த பிறகு வருகிற மூச்சு அவருக்கு அப்போதுதான் வந்தது.

இளம் டொக்டர் வந்து எமிலியானுசின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, மன்னிக்கணும். புத்தகத்தில வலி மட்டும்தானே இருக்கு" என்றார். அந்த டொக்டர் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டு நீங்கள் அவரையும் ஏசி, சோறும் கொடுத்தீர்கள். ஒருவரையும் மேலிடத்தில் பிடித்துக் கொடுக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதி, பிரசவ அறைச் சுவரில் மூன்று மொழியிலும் ஒரு அறிவித்தல் ஒட்டினீர்கள்: "நோ என்றால் வேதனை. வேணுமா வேண்டாமா என்பதைத் தமிழில், வேதனை விட்ட நேரத்தில், தாயின் வாயால் கேட்டு எழுதவும்." உங்கள் சொந்தச் சட்டத்தையும் திருத்திக்கொண்டீர்கள். மறுத்தவர் என்று தாளில் இருந்தாலும், உங்கள் காதால் ஒரு தரம் கேட்காமல் அதற்குப் பிறகு நீங்கள் விட்டதில்லை. பேர் எடுத்து முடிந்த வயதில் தன் வழக்கத்தைத் தானே மாற்றுகிறவர்களை நாங்கள் அதிகம் கண்டதில்லை.

ஆனால் எமிலியானுஸ் சொன்ன "இப்பதான்" என்ற பொய்யை மட்டும் நீங்கள் எந்தத் தாளிலும் எழுதவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடமும் ஒவ்வொரு நாளும் அந்த வாசலால் போய் வந்தீர்கள். ஒரு பார்வையால்கூட அதைக் காட்டவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்து, இந்த மடலில் என்ன எழுதுவது என்ற கதை வீட்டில் வந்தபோது, எமிலியானுஸ் மகளுக்குத் தானே சொன்னார். டொக்டர் எழுதும்போதே தனக்கு விளங்கினது என்றார். டிலோஜினி பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"தெரியும் அப்பா. நீங்கள் சிஸ்ரருக்கு இப்பதான் எண்டு சொன்னது எனக்கு உள்ளுக்குக் கேட்டது. யன்னல் ரெண்டு பக்கமும் யன்னல்தானே."

"அப்ப ஏன் நீ ஒண்டும் கேட்கேல்லை?"

"சொன்னீங்கள்தானே. அதுக்கு முதல் எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தனீங்கள் எண்டு நான் கேட்கேல்லை. இனியும் கேட்கமாட்டன். கோப்பையை இஞ்சால தாங்கோ."

அவ கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை. அதனால்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகிற இந்த மடலில் எழுதி வைக்கிறது: முக்கால் மணித்தியாலம்.

எழுதின பிறகு நெஞ்சு லேசாகக் கிடக்கிறது.

எங்கள் சிஸ்ரரே, இனி யாரும் உங்களை அவசரம் என்று கூப்பிடாத வீட்டில், சூடு ஆறாத தேத்தண்ணியை இருந்து குடித்து, சீவரத்தினம் ஐயாவையும் அளவோடு ஏசி, கைகால் சுகத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும். இதை மடு மாதாவிடம் பிரான்சிஸ்கா கேட்டிருக்கிறா. கோயிலில் எங்கள் சிற்றூழியர் நிவேதிகா உங்கள் பேருக்கு அர்ச்சனை செய்திருக்கிறா. துப்புரவுப் பணியாளர் றுஷ்தா தொழுகையில் துஆக் கேட்டிருக்கிறா. ஒரு இடத்தை மட்டும் நம்பி இருக்க எமிலியானுசுக்குப் பழக்கமில்லை.

இங்ஙனம்,
பிரசவ விடுதிச் சிற்றூழியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வாசல் காவலாளிகள்.

இந்தத் தாளை முழுக்க வாசித்து, விளங்கி, தன் கையாலேயே ஒப்பம் வைத்தவர்:
எமிலியானுஸ்